‘ஜே ஒன்று போட்டால் ஓடிவிடும்’

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கம்பைல் செய்து நிறுவும் வழக்கம் உள்ளவர்களிடையே ஓர் அறிவுரை நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. மேக் என்பது கம்பைல் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் கருவி; ‘-ஜே’ பக்கத்தில் வரும் எண், ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் என்பதைச் சொல்வது. ‘மேக் -ஜே8’ என்று கொடுத்து பில்டு பாதியில் விழுந்தால், ‘-ஜே1’ போட்டுப் பார், ஓடிவிடும் என்பார்கள். போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஓடியும் விடுகிறது. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார், சொன்னவரும் அதோடு மறந்துவிடுகிறார். இந்த அறிவுரையைத் தவறென்று சொல்ல முடியாததுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடியபோது கண்ணுக்குத் தெரிந்த கோளாறு, ஒரே வேலையாக ஓடும்போது எங்கே போய்விடுகிறது? கோளாறு இணையாக ஓட்டியதில் இருந்ததா, அல்லது முன்பே இருந்த ஒன்றை இணை ஓட்டம் வெளியே இழுத்துப் போட்டதா? இதற்கு விடை தெரியாமலேயே பல பேர் பல ஆண்டுகள் நிம்மதியாக வேலை செய்ய முடியும், செய்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வாய்க்காமல் போனதற்கு, சென்னைத் தண்டையார்பேட்டையில் நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிறிய பயிற்சி நிலையமும், அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடியிலிருந்து வந்து லினக்ஸ் கற்றுக்கொள்ளும் ஓர் இளைஞரும்தான் காரணம்.

எங்கள் கணினிகள் எல்லாமே ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தவை. நான்கு கோர், எட்டு திரெட், எட்டு ஜிபி ரேம் என்பதே அவற்றில் நல்ல நிலையில் உள்ளவற்றின் தகுதி. லினக்ஸ் விநியோகத்தோடு வரும் மென்பொருள் தொகுப்பு பழையதாக இருந்து, பாடத்துக்குப் புதிய பதிப்பு வேண்டியிருக்கும்போது மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் பிற்பகலில் மின்சாரம் போனால் யுபிஎஸ் சிறிது நேரம்தான் தாங்கும் என்பதால், வேகம் இங்கே ஆடம்பரமல்ல. மே மாத வெயிலில், மாடி அறையில், எல்லாக் கோர்களையும் ஒரேயடியாக வேலை வாங்கினால் சூடு தாங்காமல் பிராசசர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ‘-ஜே’ பக்கத்தில் எந்த எண்ணைப் போடுவது என்ற கேள்வி எங்களுக்கு அன்றாடக் கேள்வி.

வரிசை என்னும் தற்செயல்

ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதியபோது, அவர் மனத்தில் இருந்தது எதை மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும், எதை வேண்டாம் என்ற கேள்விதான். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை மேக்ஃபைலில் எழுதி வைத்தால், கருவி நேரமுத்திரைகளை ஒப்பிட்டுத் தேவையானதை மட்டும் செய்யும். ஒரே சமயத்தில் பல வேலைகளை ஓட்டுவது பின்னால் வந்த சேர்க்கை. ஆனால், சார்புகளை முழுமையாக எழுதிவிட்டால், ஒன்றையொன்று சாராத வேலைகளை எந்த வரிசையிலும், ஏன் ஒரே நேரத்திலும்கூட, செய்யலாம் என்பது அந்த மூல யோசனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிக்கல் முழுவதும் ‘முழுமையாக’ என்ற அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஒற்றை வேலையாக ஓடும்போது, லினக்ஸில் நாம் பயன்படுத்தும் குனு மேக், ஓர் இலக்கின் (உருவாக்க வேண்டியதன்) முன்தேவைகளை எழுதப்பட்ட வரிசையில் இடமிருந்து வலமாக எடுத்துக்கொள்ளும். இலக்கண விதிகளிலிருந்து நிரலை எழுதித் தரும் பைசன் என்ற கருவி கொண்டு ஒரு பார்சரை, அதாவது உரையின் அமைப்பைப் பகுத்துப் பார்க்கும் நிரலை, உருவாக்கும் மேக்ஃபைலை எண்ணிப் பாருங்கள். பார்சருக்கான இலக்கணக் கோப்பிலிருந்து ஒரு சி கோப்பும், பிற கோப்புகள் தமக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பும் பிறக்கின்றன; உரையைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சர் கோப்பு அந்த ஹெடரை இன்க்ளூட் செய்கிறது. மேக்ஃபைலை எழுதியவர் பட்டியலில் பார்சரை முன்னும் லெக்சரைப் பின்னும் வைத்திருக்கிறார். லெக்சர் அந்த ஹெடரைச் சார்ந்தது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அவர் எழுதாததை யாரும் கவனிக்கவும் இல்லை, ஏனென்றால் பார்சரின் முறை எப்போதும் முதலில் வருகிறது, லெக்சரின் முறை வரும்போது ஹெடர் தயாராக இருக்கிறது. பல ஆண்டுகள் அது நடக்கிறது. பிறகு யாரோ ஒருவர் ‘-ஜே4’ போடுகிறார். பைசன் தன் வேலையைத் தொடங்கிய அதே நொடியில் லெக்சரின் கம்பைலும் தொடங்குகிறது, ஹெடரைத் தேடுகிறது, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று விழுகிறது.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு, அதுதான் குழப்பத்தை முற்றச் செய்வது. இன்றைய பில்டு முறைகள் ஹெடர் சார்புகளைக் கையால் எழுதச் சொல்வதில்லை; கம்பைலரே கம்பைல் செய்யும்போது எந்த ஹெடர்களைத் தொட்டது என்று ஒரு துணைக் கோப்பில் குறித்து வைக்கிறது, அடுத்த முறை மேக் அதைப் படித்துக்கொள்கிறது. முதல் முறை கம்பைல் செய்யும்போது அந்தக் குறிப்பு இருப்பதில்லை. அதாவது, சார்பு மிகவும் தேவைப்படும் முதல் ஓட்டத்தில் மேக்கிடம் அது கிடையாது; எல்லாம் தயாராகிவிட்ட பிறகுதான் அது தெரியவருகிறது. மேக்ஃபைலைத் தானே எழுதித் தரும் ஆட்டோமேக் என்ற கருவியில், பில்டின்போது உருவாக்கப்படும் மூலக்கோப்புகளைத் தனியாக அறிவித்து முன்கூட்டியே செய்துகொள்ளும் வசதி ஒன்று இருப்பதே இந்த ஓட்டைக்காகத்தான். அதை எழுத மறந்தவர்களின் தொகுப்புகள் எல்லாம் முதல் ஓட்டத்தில் விழுந்து இரண்டாம் ஓட்டத்தில் எழுந்து நிற்கும்.

கோரை எண்ணுவதா, ரேமை எண்ணுவதா

எழுதாத சார்புகளால் வரும் தோல்வியை, நினைவகம் போதாமல் வரும் தோல்வியோடு குழப்பிக்கொள்வது மிகவும் எளிது, இரண்டுக்கும் ‘-ஜே1’ மருந்தாகத் தெரிவதால். ‘என்ப்ராக்’ என்ற சிறு கட்டளை எத்தனை திரெட்டுகள் கிடைக்கும் என்று சொல்கிறது. அதை அப்படியே ‘-ஜே’யின் பக்கத்தில் ஒட்டிவிடுவது எல்லோர் கைக்கும் பழகிவிட்டது. சி நிரலுக்கு அது பெரும்பாலும் சரிப்பட்டு வரும். டெம்ப்ளேட்டுகள் நிறைந்த சி பிளஸ் பிளஸ் நிரலில் ஒரே ஒரு கோப்பைக் கம்பைல் செய்யும்போது கம்பைலர் ஒரு ஜிபிக்கு மேல் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். எட்டு திரெட்டுக்கு எட்டு வேலை என்று போட்டால் எட்டு ஜிபி கணினி முதலில் ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில்) மூழ்கும், அதற்கும் மேலே போனால் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். அப்போது திரையில் வருவது நிரலில் இருக்கும் பிழையைப் பற்றிய வரியல்ல. சிசி1பிளஸ் (சி பிளஸ் பிளஸ் கம்பைலர்) கொல்லப்பட்டது என்ற ஒற்றை வரி. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்யும் லினக்ஸ் விநியோகமான ஜென்டூவின் கையேடு ஒரு வேலைக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் என்று கணக்குப் போடச் சொல்வது இதனால்தான். எங்கள் கணினிகளுக்கு அந்தக் கணக்குப்படி நான்கு. உலாவி திறந்திருந்தால் மூன்று. எண்ணே கொடுக்காமல் வெறும் ‘-ஜே’ என்று விட்டால் மேக் எல்லையே இல்லாமல் வேலைகளைக் கிளப்பிவிடும் என்பதை, அதைச் செய்து பார்த்த மாணவர்கள் யாரும் மறப்பதில்லை.

எண்ணைக் கூட்டுவதால் கிடைக்கும் பயனுக்கும் ஓர் எல்லை உண்டு. கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சோதனையாக வரிசையில்தான் ஓடும். கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்க, கடைசியில் வரும் பெரிய லிங்க் வேலை பெரும்பாலும் ஒற்றை ஆளாகத்தான் நடக்கும். ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இதுவே: இணையாக்க முடியாத பகுதி பத்தில் ஒன்று என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக நிற்கும் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. லாரிகளைக் கூட்டினால் வரிசைதான் நீளும். கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம் போன்ற பெருந்தொகுப்புகளில் லிங்க் வேலைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் தனி வரம்பு வைக்க முடிவதோ நினைவகத்தை ஒட்டியது. பிழை தேடுவதற்கான (டீபக்) தகவல்களோடு லிங்க் செய்யும்போது ஒவ்வொரு லிங்க்கும் பல ஜிபி கேட்கும். கம்பைலுக்குக் கூடுதலாக, லிங்க்குக்கு ஒன்று அல்லது இரண்டு என்று பிரித்துக் கொடுத்தால்தான் சாதாரணக் கணினியில் அது கரையேறும்.

நினைவகத்தால் விழுந்த பில்டுக்கு வேலைகளைக் குறைப்பது உண்மையான தீர்வு. எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. உறுத்தல் மற்ற வகையில்தான்.

இரண்டாவது தபா

நடந்தது இதுதான். ஒரு லைப்ரரித் தொகுப்பு, பெயர் வேண்டாம், ஆட்டோமேக்கும், லைப்ரரிகளை உருவாக்கி நிறுவித் தரும் லிப்டூலும் கொண்டு பில்டு ஆவது. அதன் முதன்மை லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்கோப்பு) ஒன்று. அதோடு லிங்க் ஆகும் பிளக்இன்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் துணைப் பகுதிகள்) சில, அவை தனி ஃபோல்டருக்குள் போகும். இளைஞர் கம்பைல் செய்து முடித்துவிட்டு ‘மேக் -ஜே8 இன்ஸ்டால்’ கொடுத்தார். திரையில் வரிகள் ஓடி, கடைசியில் ‘வெயிட்டிங் ஃபார் அன்ஃபினிஷ்டு ஜாப்ஸ்’ என்ற வரியோடு நின்றது. நான் எழுந்து வருவதற்குள் அவர் மேலம்பு விசையை அழுத்தி அதே கட்டளையை மறுபடி ஓட்டிவிட்டார்.

“அண்ணா, ரெண்டாவது தபா போட்டேன், ஓடிருச்சு. வுட்ருங்க.”

விட்டிருக்கலாம். பிளக்இன்கள் இருந்தன, நிரல் வேலை செய்தது. ஆனால் எதுவுமே மாறாமல், அதே கட்டளை, அதே கணினியில் முதலில் விழுந்து அடுத்து ஓடுகிறது என்றால், எதுவுமே மாறவில்லை என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். முதல் ஓட்டம் எதையோ மாற்றிவிட்டுத்தான் செத்திருக்கிறது. எதை என்று பார்க்க இருவரும் உட்கார்ந்தோம்.

இணையாக ஓடிய ஒரு பதிவைப் படிப்பதே தனிக் கலை. உண்மையான பிழை கடைசி வரியில் இருக்காது. ஒரு வேலை விழுந்த பிறகும், முன்பே தொடங்கிவிட்ட மற்ற வேலைகள் முடியும் வரை மேக் காத்திருக்கும், அந்த வேலைகளின் வெளியீடு பிழையின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். 2013இல் வந்த குனு மேக் 4.0இல் ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் சேர்த்து வைத்து மொத்தமாகக் காட்டும் வசதி வந்தது. அதைப் போட்டு, முன்பு நிறுவிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். இப்போது பிழை தெளிவாகத் தெரிந்தது. லிப்டூல் ஒரு பிளக்இன்னை ‘ரீலிங்க்’ செய்வதாக அறிவிக்கிறது. அடுத்த வரியில் லிங்க்கர், அந்தத் தொகுப்பின் முதன்மை லைப்ரரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. சற்று முன்புதான் எங்கள் கண்ணெதிரே கம்பைல் ஆகி முடிந்த லைப்ரரி அது.

நிறுவுவது என்றால் வெறுமனே நகலெடுப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இடம் ஒரு திடுக்கிடல். லிப்டூல் பில்டு ஃபோல்டருக்குள் ஒரு லைப்ரரியை உருவாக்கும்போது, அது சார்ந்திருக்கும் இன்னொரு லைப்ரரி இன்னும் தன் இறுதி இடத்துக்குப் போயிருக்காது. ஆகவே பில்டு ஃபோல்டரின் பாதையைக் காட்டி லிங்க் செய்து வைக்கிறது. நிறுவும் நேரத்தில் அந்தப் பாதை பயன்படாது என்பதால், இறுதி இடத்தில் இருக்கும் லைப்ரரியைக் காட்டி மறுபடியும் லிங்க் செய்கிறது. அதாவது, பிளக்இன்னை நிறுவும் வேலை, முதன்மை லைப்ரரி ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சார்ந்தது. மேக்ஃபைலில் லைப்ரரிகளை நிறுவும் விதியும் பிளக்இன்களை நிறுவும் விதியும் இரண்டு தனி விதிகள். பட்டியலில் முன்னது முன்னே, பின்னது பின்னே. ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஒற்றை வேலையில் வரிசை காப்பாற்றியது. எட்டு வேலைகளில் இரண்டு விதிகளும் ஒன்றாகக் கிளம்பின, பிளக்இன் முந்திக்கொண்டது, விழுந்தது. முன்பே தொடங்கிவிட்ட முதன்மை லைப்ரரியின் நிறுவல் மட்டும் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது ஓட்டத்தில் பிளக்இன் தேடிய லைப்ரரி அங்கே தயாராக உட்கார்ந்திருந்தது. அதை வைத்தது தோற்றுப்போன முதல் ஓட்டம்.

இளைஞர் அப்போது கேட்ட கேள்வியில்தான் எல்லாம் திரும்பியது. “அப்ப ஏற்கெனவே பழைய வர்ஷன் இருக்குற மிஷின்ல போட்டா முதல் தபாவே ஓடிடும், இல்லையாண்ணா?” ஆமாம், ஓடிவிடும். எந்தப் பிழையும் காட்டாது. அங்கே ரீலிங்க் செய்யும் லிங்க்கருக்கு ஒரு லைப்ரரி கிடைக்கும், கிடைப்பது பழையது. பக்கத்துக் கணினியில் அதன் முந்தைய பெரும்பதிப்பு இருந்தது. அதிலேயே ‘-ஜே8’ கொடுத்து நிறுவினோம். அமைதியாக முடிந்தது. பிறகு, கம்பைலான கோப்பின் உள்ளே பார்க்க உதவும் ரீட்எல்ஃப் கொண்டு, நிறுவப்பட்ட பிளக்இன் எந்தெந்த லைப்ரரிகளைக் கோருகிறது என்ற பட்டியலை எடுத்தோம். புதிய பிளக்இன்னுக்குள், லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் வர வேண்டிய 2க்குப் பதிலாக 1 இருந்தது.

இதன் விளைவைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பதிப்பு எண் மாறாமல் இருந்திருந்தால், பழையதைக் காட்டி லிங்க் ஆனாலும் ஓடும் நேரத்தில் அதே பெயரில் இருக்கும் புதியதுதான் ஏற்றப்படும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எண் மாறியிருந்தால் கதை வேறு. முதன்மை நிரல் 2ஐ ஏற்றுகிறது. பிளக்இன் தன்னோடு 1ஐயும் இழுத்து வருகிறது. ஒரே நிரலுக்குள் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள், ஒரே பெயருள்ள செயற்கூறுகளோடு. அது உடனே விழலாம், தப்பான விடை தரலாம், மாதக்கணக்கில் ஒழுங்காகவும் ஓடலாம். என்றாவது யாராவது பழைய லைப்ரரியை ‘இது எதற்கு’ என்று நீக்கினால், அதற்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு பிளக்இன் ஏறாமல் போகும். அந்த நேரத்தில் அதற்கும், முன்பு என்றோ கொடுத்த ‘-ஜே8’க்கும் முடிச்சுப் போட எந்த மனிதனாலும் முடியாது. பழைய பதிப்பு இல்லாத கணினியில் விழுந்து கத்திய தோல்விதான் இங்கே நல்ல செய்தி. பழைய பதிப்பு இருந்த கணினியில் அமைதியாகக் கிடைத்த வெற்றிதான் கெட்ட செய்தி.

நிறுவும் கட்டத்தை நான் வேறாகப் பார்ப்பது ஏன்

இதன் பிறகு எனக்கு ஒரு முடிவு உண்டானது, அதோடு ஒரு தயக்கமும். முடிவு என்னவென்றால், கம்பைல் கட்டத்தையும் நிறுவும் கட்டத்தையும் ஒரே எண்ணால் ஓட்டக் கூடாது. கம்பைல் நடப்பது நமக்கே சொந்தமான ஒரு ஃபோல்டருக்குள். விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நிறுவல் நடப்பது எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அதுவும் நிர்வாகியின் (ரூட்) அதிகாரத்தோடு. அங்கே பாதியில் விழுந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று சொல்ல யாரும் இல்லை. கிடைக்கும் லாபமோ சொற்பம், பெரும்பாலும் கோப்புகளை நகலெடுப்பதுதான் அங்கே வேலை. ஒரே ஃபோல்டரை இரண்டு வேலைகள் ஒன்றாக உருவாக்க முயன்று மோதிக்கொள்ளும் பழைய சிக்கலையும் மறக்கக் கூடாது. பல யுனிக்ஸ்களில் ஃபோல்டரை உருவாக்கும் ‘எம்கேடிர் -பி’ கட்டளை இப்படி மோதும் என்பதால்தான், கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் அதற்கென ஒரு தனிச் சோதனையே வைத்திருக்கிறது.

புதிய கருவிகள் என்ன செய்தன என்று பார்த்தாலும் இந்தப் பிரிவு தெரிகிறது. மேக்கைப் போன்ற நிஞ்சா, எண் எதுவும் கேட்காமலேயே கோர்களுக்கு ஏற்ப இணையாகத்தான் ஓடும். அதோடு பில்டு ஆகும் தொகுப்புகளில் எழுதாத சார்புகள் முதல் நாளிலேயே அம்பலமாகிவிடுவதால், யாரும் பல ஆண்டுகள் தற்செயலை நம்பிக் காலம் தள்ள முடிவதில்லை. ஆனால் நிறுவும் இடத்தில் மீசான், சீமேக் என்ற பில்டு கருவிகள் பொதுவாக ரீலிங்க் செய்வதே இல்லை. லைப்ரரிக்குள் பதிந்திருக்கும் தேடல் பாதையை மட்டும் திருத்திவிட்டுக் கோப்பைக் கொண்டுபோய் வைக்கின்றன. லிங்க் செய்வது என்ற வேலையையே அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் போட்டியே எழாது.

தயக்கம் என்னவென்றால், நிறுவலுக்கு நானும் ‘-ஜே1’தானே சொல்கிறேன், அப்படியானால் நான் குறைபட்டுக்கொள்ளும் அந்த அறிவுரையிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவன்? இதைப் பற்றி, மென்பொருள் தொகுப்புகளைக் கட்டி வெளியிடுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபோது, அவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் தொகுப்புத் திரட்டான போர்ட்ஸில், இணையாக ஓட்டினால் பாதுகாப்பில்லை என்று ஒரு தொகுப்பின் தலையில் குறித்து வைக்க ஒரு மாறி உண்டு. மேக் கணினிகளில் புழங்கும் ஹோம்ப்ரூ என்ற தொகுப்பு மேலாளரில் ஒரு ஃபார்முலாவுக்கு (தொகுப்பின் செய்முறைக்கு) மட்டும் இணை ஓட்டத்தை நிறுத்திவைக்க ஒரு வரி உண்டு. நிக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பு மேலாளரில் பில்டு, நிறுவல் இரண்டுக்கும் தனித்தனியாக இணை ஓட்டத்தை இயக்கவும் நிறுத்தவும் முடியும். ஆயிரக்கணக்கான தொகுப்புகளை இரவு பகலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொன்றின் மேக்ஃபைலையும் திருத்திக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு அந்த ஒரு வரி நியாயமான வரி. அதிலுள்ள குறை, அதைப் போட்டவர் காரணத்தை எழுதாமல் போய்விட்டால் அது என்றென்றைக்கும் அங்கேயே கிடக்கும் என்பதுதான். மூலத் தொகுப்பில் கோளாறு எப்போதோ சரியாகியிருக்கும். குறிப்பு மட்டும் நீங்காது, ஏனென்றால் நீக்கிப் பார்க்கும் துணிவு யாருக்கும் வராது. இணை ஓட்டத்தின் தோல்வி ஒவ்வொரு முறையும் வருவதில்லை. சில முறை ஓட்டிப் பார்த்து ஓடுகிறது என்றால் சரியாகிவிட்டது என்று பொருளில்லை.

இந்தத் தற்செயலைக் கையில் பிடிக்க ஒரு வழி கிடைத்தது 2022இல். அந்த ஆண்டு வெளிவந்த குனு மேக் 4.4இல் ‘ஷஃபிள்’ என்றொரு விருப்பம் சேர்க்கப்பட்டது. செர்ஜி ட்ரோஃபிமோவிச் எழுதியது. முன்தேவைகளை எழுதப்பட்ட வரிசையில் எடுக்காமல் மேக் அவற்றைக் கலைத்துப் போட்டு எடுக்கும். தலைகீழாக எடுக்கவும் சொல்லலாம். விழுந்தால் எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்பதையும் பிழை வரியோடு சேர்த்தே சொல்லிவிடும், அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இது ‘-ஜே1’ இலும் வேலை செய்யும் என்பது. எழுதாத சார்பைக் கண்டுபிடிக்க அறுபத்து நான்கு கோர் சர்வர் தேவையில்லை. தண்டையார்பேட்டை மாடியில் இருக்கும் பழைய கணினி, ஒற்றை வேலையாக, தலைகீழ் வரிசையில் ஓட்டினாலே போதும். அந்த லைப்ரரித் தொகுப்பை அப்படி ஓட்டினோம். எந்த இணை ஓட்டமும் இல்லாமல், ஒரே வேலையில், அதே இடத்தில், அதே பிழையோடு விழுந்தது. முதலில் நான் கேட்டுக்கொண்ட கேள்விக்கு விடையும் அதிலேயே இருந்தது: இணையாக ஓட்டியதால் எதுவும் உடையவில்லை.

திருத்தம் ஒரே வரிதான். பிளக்இன்களை நிறுவும் விதி, லைப்ரரிகளை நிறுவும் விதியைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் ஒரு வரி. அதைச் சேர்த்த பிறகு தலைகீழாகவும், கலைத்தும், எட்டு வேலைகளோடும், பழைய பதிப்பு இருந்த கணினியிலும் ஓட்டிப் பார்த்தோம். ரீட்எல்ஃப் பட்டியலில் 2தான் வந்தது. இதே 4.4இல் ஒரு குறிப்பிட்ட இலக்கின் முன்தேவைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டச் சொல்லவும், பட்டியலின் நடுவே ‘இதுவரை முடியட்டும்’ என்று ஒரு நிறுத்தம் வைக்கவும் வழி வந்திருக்கிறது. இளைஞர் அதைப் போடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன்: நிறுத்தம், வரிசையைச் சொல்கிறது, சார்பு, காரணத்தைச் சொல்கிறது. பழைய மேக் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுத்தம் புரியவும் செய்யாது. அதில் எங்களுக்குள் சிறிது நேரம் வாக்குவாதம் நடந்தது, அவர் முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

தொகுப்பைப் பராமரிப்பவர்களுக்கு அந்த ஒரு வரியை, எப்படி மறுபடி விழச்செய்வது என்ற விளக்கத்தோடு இளைஞரே எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அந்தத் திருத்தம் உள்ள வெளியீடு வரும் வரை எங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட்டில் கம்பைலுக்கு நான்கு வேலை, இன்ஸ்டாலுக்கு ஒரு வேலை என்றே வைத்திருக்கிறோம். அந்த ‘-ஜே1’க்கு மேலே எந்தத் தொகுப்பு, எந்தப் பிளக்இன், எந்தப் பதிப்பில் இதை எடுக்கலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறது. அதே ஸ்கிரிப்ட்டில், எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர்கள் போட்டுவிட்டுப் போன ‘-ஜே1’கள் இன்னும் சில இருக்கின்றன, எதற்கும் குறிப்பில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தலைகீழாக ஓட்டிப் பார்க்கும் வேலையை இளைஞர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று நினைவகத்துக்காகப் போட்டது என்று மட்டும் இதுவரை தெரிந்திருக்கிறது.